படுக்கையருகே ஓர் இயந்திர மனிதன்

திருவனந்தபுரத்தில் தம்பானூர் என்னும் பகுதியை அறியாத தமிழர் அந்நகரில் இல்லை. ரயில் நிலையமும் பேருந்து நிலையமும் ஒன்றையொன்று நோக்கி நிற்கும் இடம் அது. காலை வேளையில் அங்கு சற்று நேரம் நின்றால் ஒரு காட்சி நம் கண்ணில் படும். நாகர்கோவில் பக்கத்திலிருந்து வரும் வண்டிகளிலிருந்து ஒரு கூட்டம் இறங்கும். கையில் எக்ஸ்ரே உறை. தோளில் மாற்றுத் துணிப் பை. மற்றொரு கையில் வெந்நீர்ப் பிளாஸ்க். இவர்கள் கடற்கரை காண வந்தவர்கள் அல்லர். கன்னியாகுமரி, திருநெல்வேலி மாவட்டங்களிலிருந்து மருத்துவம் நாடி வந்தவர்கள். 1951 ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற அரசு மருத்துவக் கல்லூரி, அதன் அருகிலேயே அமைந்துள்ள வட்டாரப் புற்றுநோய் மையம், இதய நோய்க்கும் மூளை நோய்க்கும் பெயர்பெற்ற ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனம் ஆகியவற்றை நோக்கி அவர்கள் செல்கின்றனர். கன்னியாகுமரி மாவட்டம் 1956 நவம்பர் 1 ஆம் நாள் தமிழகத்தோடு இணைந்தது. எல்லை மாறினும், நோயாளர் நடந்த வழி மட்டும் மாறவில்லை.

இவர்களுள் மலையாளம் நன்கு அறிந்தோர் சிலர். அரைகுறையாக அறிந்தோர் பலர். எனினும், வார்டில் பணிபுரியும் செவிலி குனிந்து, தோளைத் தொட்டு, “வேதன உண்டோ, அம்மே?” என்று கேட்கும்போது, அக்கேள்வியை விளங்கிக்கொள்ளாத மூதாட்டி எவருமில்லை. சொல் பாதி சொல்கிறது. முகமும் கையும் மீதியைச் சொல்லிவிடுகின்றன.

அந்தச் செவிலி நின்ற இடத்தில் நாளை மனித உருக்கொண்ட ஓர் இயந்திரம் வந்து நின்றால் அந்த மூதாட்டி என் செய்வார்? அஞ்சுவாரா, வியப்பாரா, அதனோடு பேசத் தொடங்குவாரா, அல்லது முகத்தைத் திருப்பிக் கொள்வாரா? இதுவே நாம் இன்று ஆராயப் புகும் பொருள்.

பிற மாநிலங்களில் வாழும் நமக்கு இது வெறும் அறிவியல் விந்தையன்று. ஊரில் தாயோ தந்தையோ படுத்திருக்க, நாம் மும்பையிலோ சூரத்திலோ தில்லியிலோ பணியில் இருக்கிறோம். விடுப்புக் கிடைத்து, பயணச் சீட்டும் கிடைத்து, நாம் போய்ச் சேரும்வரை அவர்கள் அருகே நிற்பவர் யார் என்னும் கவலை நம்மை விடுவதில்லை. அவ்விடத்தில் இயந்திரத்தை நிறுத்தலாமா என்று உலகம் கேட்கத் தொடங்கிவிட்டது. விடை கூறுமுன், இயந்திரத்தைக் கண்ட மக்கள் இதுவரை எவ்வாறு நடந்துகொண்டனர் என்பதை அறிதல் நலம்.

முதலில் பெயரைக் கவனிப்போம். ‘ரோபோ’ என்னும் சொல் ஆய்வுக் கூடத்திற் பிறந்ததன்று. நாடக மேடையிற் பிறந்தது. செக் நாட்டு எழுத்தாளர் காரல் சாபெக் 1920 ஆம் ஆண்டில் எழுதிய நாடகமொன்றில் வேலைக்கென்றே செய்யப்பட்ட செயற்கை மனிதர்கள் வருகின்றனர். அவர்களுக்கு இப்பெயரைச் சொல்லிக் கொடுத்தவர் அவருடைய சகோதரர் யோசெப். செக் மொழியில் கட்டாய வேலையை, நம் ஊர் வழக்கிற் சொன்னால் வெட்டி வேலையை, குறிக்கும் சொல்லிலிருந்து அது வந்தது. ஆகவே பிறந்த நாள் தொட்டே ரோபோ ஏவலாள். பிறர் செய்ய விரும்பாத வேலையைச் செய்வதற்கென்று கற்பனை செய்யப்பட்டது.

இன்று மருத்துவமனைகளிற் காணப்படும் ரோபோ, திரைப்படங்களில் வரும் இயந்திர மனிதனைப் போன்றதன்று. பெரும்பாலும் அதற்குக் கால்கள் இல்லை, சக்கரங்களே உண்டு. கண்களாக ஒளிப்படக் கருவிகளும், செவிகளாக ஒலிவாங்கிகளும் அமைந்திருக்கும். வழியில் கட்டில் நிற்கிறதா, ஆள் நிற்கிறாரா என்பதை உணர்கருவிகள் அறிந்து சொல்லும். மார்பிலோ முகத்திலோ ஒரு திரை இருக்கும். கேட்ட ஒலியை எழுத்தாக மாற்றி, அதற்குரிய விடையைத் தேர்ந்து, செயற்கைக் குரலிற் சொல்லும். முன்பெல்லாம் எழுதி வைத்த சில விடைகளையே அது சொல்லும். 2022 ஆம் ஆண்டின் இறுதிக்குப் பின் பரவிய உரையாடும் கணினி நிரல்களோடு இணைக்கப்படும்போது, எதைக் கேட்டாலும் தடையின்றிப் பேச வல்லதாகிறது. அவ்வாறு பேசுவன எல்லாம் உண்மையாக இருக்குமென்பதற்கு மட்டும் உறுதியில்லை.

கேரளத்திற்கு இத்தகைய பொறிகள் புதியன அல்ல. 2019 பிப்ரவரியில் திருவனந்தபுரத்திலுள்ள காவல்துறைத் தலைமையகத்தில் பெண்ணுருக்கொண்ட ரோபோ ஒன்று வருவோரை வரவேற்கும் பணியில் அமர்த்தப்பட்டது. முதலமைச்சர் பினராயி விஜயன் அதனைத் தொடங்கி வைத்தார். ரோபோ அவருக்குச் சல்யூட் அடித்தது. அதனைச் செய்தளித்த கொச்சி நிறுவனமாகிய அசிமோவ் ரோபோட்டிக்ஸ், மறு ஆண்டிலேயே மருத்துவமனைக்கென ஒன்றைச் செய்தது. கொரோனாத் தொற்று பரவியிருந்த 2020 ஏப்ரலில், நடிகர் மோகன்லாலின் விஸ்வசாந்தி அறக்கட்டளை அந்த ‘கர்மி’ ரோபோவைக் களமசேரியிலுள்ள எர்ணாகுளம் அரசு மருத்துவக் கல்லூரிக்கு வழங்கியது. 25 கிலோ வரை சுமந்து, நொடிக்கு ஒரு மீட்டர் வேகம் வரை செல்லக்கூடியது அது. தனிமை வார்டிலிருந்தோருக்கு உணவும் மருந்தும் கொண்டு செல்லவும், மருத்துவர் தொலைவிலிருந்தே திரை வழியே நோயாளியோடு பேசவும் அது பயன்பட்டது.

அந்நாட்களில் ரோபோ வருவதைக் கண்டு எவரும் முணுமுணுக்கவில்லை. காரணம் வெளிப்படை. வார்டுக்குள் ஒருமுறை செல்வதென்றால் செவிலியர் தலைமுதல் கால்வரை பாதுகாப்பு உடை அணிய வேண்டும். அணிந்தபின் தண்ணீர் குடிக்கவும் இயலாது. ரோபோ ஒரு தட்டு உணவைக் கொண்டு சென்றால் ஒரு செவிலிக்கு ஒருமுறை ஆபத்துக் குறைந்தது. அந்த வேலையை அது எடுத்துக்கொண்டதில் இழந்தவர் எவருமில்லை.

மக்களின் மனநிலை எப்போதும் இவ்வளவு எளிதாக அமைவதில்லை. உருவம் மனிதனை நெருங்க நெருங்க நம் உள்ளம் ஒரு விந்தையான வழியிற் செல்கிறது. ஜப்பானியப் பேராசிரியர் மசாஹிரோ மோரி 1970 ஆம் ஆண்டில் எழுதிய சிறு கட்டுரையொன்றில் இதனை ஒரு வரைபடமாகவே வரைந்து காட்டினார். தொழிற்சாலையில் இரும்புக் கையை நீட்டி மடக்கும் பொறியிடம் நமக்கு அன்புமில்லை, அச்சமுமில்லை. பொம்மை வடிவம் பெற்ற ரோபோவிடம் விருப்பம் பிறக்கிறது. இன்னும் மனிதனை ஒத்துவரும்போது அவ்விருப்பம் வளர்கிறது. ஆனால் ஏறக்குறைய மனிதனே என்று சொல்லத்தக்க நிலையை அடைந்தவுடன் விருப்பம் சட்டென்று சரிந்து அருவருப்பாகவும் திகிலாகவும் மாறிவிடுகிறது. அச்சரிவை அவர் பள்ளத்தாக்கு என்றார். அவர் தந்த சான்று எளியது. உண்மைக் கைபோலவே தோன்றும் செயற்கைக் கையொன்றை ஒருவர் நீட்ட, நாம் அதனைப் பற்றிக் குலுக்குகிறோம். கை குளிர்ந்திருக்கிறது, எலும்பின் உறுதி இல்லை. அக்கணத்தில் உடல் சிலிர்த்துவிடுகிறது. ஆகவே, முழுதும் மனிதனைப் போன்ற உருவைச் செய்ய முயலாதீர்கள் என்பதே பொறியியலாருக்கு அவர் கூறிய அறிவுரை.

மோரியின் கருத்தைப் பின்வந்த ஆய்வாளர் அனைவரும் ஒரே வகையாக ஏற்றுக்கொள்ளவில்லை. ஆயினும் நம்முள் பலர் உணர்ந்த ஒன்றிற்கு அவர் உருவம் தந்தார் என்பதில் ஐயமில்லை. தமிழ் மரபோ இவ்வுணர்வை நெடுங்காலத்துக்கு முன்பே அறிந்திருந்தது. கொல்லி மலையில் தெய்வத்தால் அமைக்கப்பட்டதாகச் சொல்லப்படும் கொல்லிப் பாவையைச் சங்கப் புலவர் பலர் பாடியுள்ளனர். அது அழகிய பெண்ணின் உருவம், அசையும், நகைக்கும், அதன் நகையிலே மயங்கி நெருங்கியவரைக் கொல்லும் என்பது வழிவழி வந்த கதை. உயிரில்லாத ஒன்று உயிருள்ளதுபோல நகைக்கும்போது எழும் திகிலை இதனினும் நன்றாகச் சொல்ல இயலாது.

இத்திகிலின் காரணம் யாது? முகம் நமக்கு ஒரு வாக்குறுதி. கண்ணைக் கண்டால், அக்கண் நம்மைக் காண்கிறது என்று கொள்கிறோம். புன்னகையைக் கண்டால் அதன் பின்னே ஒரு மனம் இருப்பதாக எண்ணுகிறோம். ரோபோவின் கண் நம்மீது நிலைத்திருக்க, நாம் சொன்னதற்கு விடை மூன்று நொடி தாழ்ந்து வருமானால், வாக்குறுதி பொய்த்துவிட்டது என்று உள்ளம் உணர்ந்துகொள்கிறது. நலமுள்ளவனுக்கு அது வேடிக்கை. நோயுற்றுப் படுத்தவனுக்கு, அதிலும் காய்ச்சலில் அரைமயக்கத்தில் கண் விழிப்பவனுக்கு, அது வேடிக்கையாக இராது.

இதற்கு நேர்மாறான இயல்பும் நம்மிடம் உண்டு. மரப்பாச்சிப் பொம்மையைக் குளிப்பாட்டி, உடுத்தி, சோறூட்டித் தூங்க வைக்கும் குழந்தையைக் காணாதவர் யார்? பொம்மைக்கு உயிரில்லை என்பதை அக்குழந்தை அறியும். அறிந்தே அன்பு செய்கிறது. வளர்ந்தோரும் அவ்வாறே என்பதை 1966 இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் நிகழ்ந்த ஒரு செய்தி காட்டியது. யோசெப் வைசன்பாம் என்னும் பேராசிரியர் ‘எலைசா’ என்ற கணினி நிரலை எழுதினார். மனநோய் மருத்துவரைப் போல, நாம் தட்டச்சிற் சொன்னதையே சற்று மாற்றிக் கேள்வியாகத் திருப்பிக் கேட்பதே அதன் வேலை. அதற்கு முகமில்லை, குரலில்லை, அறிவும் இல்லை. அவருடைய செயலாளர் அந்நிரல் உருவாவதை மாதக்கணக்காகக் கண்டுவந்தவர். அவரே அதனோடு சற்று நேரம் உரையாடியபின், தாம் தனித்திருந்து பேசவேண்டுமென்று பேராசிரியரை அறையைவிட்டு வெளியே செல்லுமாறு கேட்டுக்கொண்டார். வைசன்பாம் திகைத்துப் போனார். பத்தாண்டுகளுக்குப் பின் 1976 இல் வெளியிட்ட நூலில், கணினி செய்ய இயலுமாயினும் அதனிடம் ஒப்படைக்கலாகாத பணிகள் சில உண்டு என்று அவர் வாதிட்டார்.

இவ்விரண்டு இயல்புகளையும் நன்கு அறிந்து செய்யப்பட்ட ஒரு பொறி ஜப்பானில் உண்டு. தகானோரி ஷிபாதா என்பவர் 1993 ஆம் ஆண்டு முதல் ஆராய்ந்து உருவாக்கிய ‘பாரோ’ என்னும் ரோபோ அது. அதன் உருவம் மனிதனன்று. வெள்ளைமயிர் போர்த்த கடல்நாய்க் குட்டி. பூனையையும் நாயையும் நாம் நன்கு அறிவோம். ஆதலால் போலியைக் கண்டவுடன் குறை சொல்வோம். கடல்நாய்க் குட்டியை மடியில் வைத்திருந்தவர் எவர்? ஒப்பிட ஒன்றுமில்லாமையால் குறையும் தோன்றுவதில்லை. நினைவிழந்த முதியோர் அதனைத் தடவிக்கொடுத்து அமைதியடைவது பல இல்லங்களிற் கண்ட உண்மை. அமெரிக்க அரசு 2009 இல் அதனை மருத்துவக் கருவிகளுள் ஒன்றாகவே ஏற்றுக்கொண்டது. நோயாளியைப் படுக்கையிலிருந்து தூக்கி நாற்காலியில் அமர்த்துவதற்கென ஜப்பானின் ரிக்கென் ஆய்வு நிலையம் 2015 இல் வெளியிட்ட ரோபோவுக்கும் மனித முகம் தரப்படவில்லை. வெண்கரடியின் முகமே தரப்பட்டது.

இனி எண்ணிக்கையைப் பார்ப்போம். ஐரோப்பிய ஒன்றியம் 2012 இல் தன் 27 நாடுகளிலும் மக்களிடம் ரோபோவைப் பற்றிக் கருத்துக் கேட்டது. நூற்றுக்கு 70 பேர் ரோபோக்களைப் பற்றி நல்ல எண்ணமே கொண்டிருந்தனர். அவற்றை எத்துறையில் தடைசெய்ய வேண்டுமென்று கேட்டபோது, நூற்றுக்கு 60 பேர் குழந்தைகள், முதியோர், ஊனமுற்றோர் ஆகியோரைப் பேணும் பணியைச் சுட்டினர். மருத்துவத் துறையில் தடை வேண்டுமென்றவர்கள் 27 பேரே. இவ்விரண்டு எண்களுக்கும் இடையிலுள்ள தொலைவை நாம் கருதிப் பார்க்கவேண்டும். அறுவை மருத்துவத்திற்குத் துணைசெய்யும் இயந்திரக் கையை மக்கள் ஏற்கின்றனர். நெற்றியைத் தடவும் இயந்திரக் கையை ஏற்கத் தயங்குகின்றனர். மருத்துவம் வேறு, பேணுதல் வேறு என்று அவர்கள் பிரித்தறிந்திருக்கின்றனர்.

புதுமையின் கவர்ச்சி நெடுநாள் நிற்பதில்லை என்பதும் கண்ட உண்மை. 2014 இல் ஜப்பானில் அறிமுகமான ‘பெப்பர்’ என்னும் ரோபோ 120 சென்டிமீட்டர் உயரமும் குழந்தை முகமும் கொண்டது. 2016 இல் பெல்ஜியம் நாட்டின் இரு மருத்துவமனைகள் வருவோரை வரவேற்க அதனை அமர்த்தின. 2020 இல் அதன் உற்பத்தி நிறுத்தப்பட்டது. ஜேம்ஸ் ரைட் என்னும் ஆய்வாளர் ஜப்பானிய முதியோர் இல்லமொன்றில் தங்கி, இத்தகைய ரோபோக்களின் பயனை நேரிற் கண்டு 2023 இல் ஒரு நூல் எழுதினார். பணியாளரின் சுமையைக் குறைக்க வந்த ரோபோக்கள் அச்சுமையைக் கூட்டின என்பது அவர் கண்ட முடிவு. அவற்றை எடுத்துவர, துடைத்து வைக்க, மின்னேற்ற, முதியோர் அவற்றைக் கையாளும்போது உடனிருந்து கவனிக்க ஆள் வேண்டியிருந்தது. முதியோரைப் பேண வந்த பொறியைப் பேணும் வேலையும் பணிப்பெண்களின் தலையிலேயே வந்து விழுந்தது.

முகமே இல்லாத ரோபோவை மக்கள் எவ்வாறு எதிர்கொண்டனர் என்பதற்குத் தம்பானூரிலேயே ஒரு சான்று உண்டு, துயரமான சான்று. ரயில் நிலையத்தின் அடியிலே ஆமயிழஞ்சான் கால்வாய் ஓடுகிறது. 2024 ஜூலை 13 ஆம் நாள், அதில் நிறைந்து கிடந்த குப்பையை அகற்ற இறங்கிய துப்புரவுத் தொழிலாளி ஒருவரை மழைவெள்ளம் அடித்துச் சென்றுவிட்டது. தீயணைப்புப் படையினரும் முக்குளிப்போரும் இரவுபகலாகத் தேடினர். மனிதர் நுழைய இயலாத இருட்டுக்குள் ஒளிப்படக் கருவி பொருத்திய ரோபோக்கள் இறக்கப்பட்டன. மூன்றாம் நாள் அவருடைய உடல் கால்வாயின் வேறோரிடத்திற் கிடைத்தது.

அந்த ரோபோக்களுக்குக் கண்ணழகு உண்டா, குரல் இனியதா என்று எவரும் கேட்கவில்லை. “இந்த வேலைக்கு முன்பே இயந்திரத்தை இறக்கியிருக்கக் கூடாதா?” என்பதே கேட்டவர் நெஞ்சிலெல்லாம் எழுந்த கேள்வி. அத்தேடுதலுக்கு ரோபோ அளித்த ஜென்ரோபோட்டிக்ஸ் நிறுவனம் திருவனந்தபுரத்தைச் சேர்ந்தது. மனிதர் சாக்கடைக் குழியில் இறங்கும் கொடுமையை ஒழிக்கவென்று அதன் இளம் பொறியாளர் அமைத்த துப்புரவு ரோபோ 2018 முதலே அந்நகரில் வேலை செய்துவருகிறது. பக்கவாதத்தால் நடை இழந்தோரைத் தாங்கிப் பிடித்து அடியெடுத்து வைக்கப் பழக்கும் இயந்திரத்தையும் அவர்கள் செய்துள்ளனர். தம்பானூருக்குச் சற்றுத் தொலைவிலுள்ள பொது மருத்துவமனையில் அது நிறுவப்பட்டிருக்கிறது. அதற்கும் முகமில்லை. மீண்டும் தன் காலில் நிற்பவருக்கு அதன் முகம் வேண்டியதுமில்லை.

முகம் உண்மையானதாகவே இருந்தும் மக்கள் மனம் புண்பட்ட நிகழ்ச்சியும் உண்டு. 2019 மார்ச் மாதத்தில், அமெரிக்காவின் கலிபோர்னியாவில் மருத்துவமனையொன்றில் முதியவர் ஒருவர் படுத்திருந்தார். சக்கர ரோபோ ஒன்று அறைக்குள் வந்தது. அதன் திரையில் தோன்றியவர் மெய்யான மருத்துவரே, கூறியதும் மெய்யே. முதியவருக்கு இனி நாள் அதிகமில்லை என்பதை அத்திரை வழியே அவர் அறிவித்தார். செவிப்புலன் குன்றிய முதியவர்க்கு அது சரியாகக் கேட்கவில்லை. அருகிலிருந்த பேத்தியே அதனைத் திருப்பிச் சொல்ல வேண்டியதாயிற்று. குடும்பத்தினரின் மனவருத்தம் உலகச் செய்தியாயிற்று. அங்கே பொய் முகம் எதுவுமில்லை. அத்தகைய சொல்லைச் சொல்ல ஒருவர் நடந்து வந்திருக்க வேண்டும் என்பதே அவர்களுடைய குறை.

இதே கருவியை மக்கள் மனமார வாழ்த்திய இடமும் உண்டு. 2020 இல் நொய்டாவிலுள்ள ஒரு மருத்துவமனையில், பெங்களூரில் செய்யப்பட்ட ‘மித்ரா’ என்னும் ரோபோ கொரோனா வார்டில் கட்டிலுக்குக் கட்டில் சென்றது. அதன் மார்புத் திரையில், உள்ளே வரத் தடை விதிக்கப்பட்ட மகனும் மகளும் தோன்றி நோயாளியோடு பேசினர். கலிபோர்னியாவில் வரக்கூடியவர் வராமல் ரோபோவை அனுப்பினார். நொய்டாவில் வர இயலாதவரை ரோபோ அழைத்து வந்தது. இயந்திரம் ஒன்றே, மக்கள் தந்த வரவேற்பு வேறு.

இச்சான்றுகளையெல்லாம் கூட்டிப் பார்க்குமிடத்து ஒன்று புலனாகிறது. ரோபோ எவ்வளவு தூரம் மனிதனைப் போல இருக்கிறது என்பதைக் காட்டிலும், அது எந்த மனிதனுடைய இடத்தில் நிற்கிறது என்பதையே மக்கள் அளந்து பார்க்கின்றனர். சுமப்பவன் இடத்தில் நின்றால் வரவேற்கின்றனர். ஆபத்தில் இறங்குபவன் இடத்தில் நின்றால் நன்றி கூறுகின்றனர். கழிப்பறைக்குத் தூக்கிச் செல்லவும், உடலைத் துடைக்கவும் பிறர் கையை எதிர்பார்த்துக் கூசும் நோயாளி, உணர்வில்லாத பொறியையே விரும்பக்கூடும். அந்த நாணத்தை நாம் மதிக்கவேண்டும். ஆறுதல் கூறுபவன் இடத்தில் அது நின்றால் மட்டும், “அந்த மனிதர் எங்கே?” என்னும் கேள்வி எழுகிறது.

நம் முன்னோர் இப்பாகுபாட்டை அறிந்திருந்தனர் என்பதற்கு நெடுநல்வாடை சான்று. நக்கீரர் பாடிய அப்பாட்டில், பாண்டியன் பாசறையில் இருக்க, அரசி பிரிவால் வாடிக் கட்டிலில் இருக்கிறாள். அவ்வரண்மனையில் யவனர் செய்த பாவை ஒன்று கையில் விளக்கேந்தி நிற்கிறது. நெய் வார்த்தால் அது இரவெல்லாம் சலிப்பின்றி ஒளி தரும். அரசிக்கு ஆறுதல் கூறுவோர் முதிய செவிலியர். மருத்துவமனையில் பணிபுரியும் தாதியரை நாம் செவிலியர் என்று இன்று அழைப்பது இப்பழஞ்சொல்லாலேயே. அதே இரவில், பாசறையிலே, பாண்டியன் உறக்கத்தை விடுத்து, மழைத் தூவலையும் பொருட்படுத்தாது, புண்பட்ட வீரரைக் காண நடந்து வருகிறான். காவலர் பலரிருந்தும் அவன் ஆளனுப்பவில்லை, தானே வந்தான். விளக்கேந்தும் பணி பாவைக்கு, ஆறுதல் செவிலிக்கு, வந்து காணும் கடமை உரியவனுக்கு. யார் எதைச் செய்யவேண்டும் என்பது அங்கே குழம்பவில்லை.

வள்ளுவரும் மருத்துவத்தை நான்கு கூறாக வகுக்குமிடத்தில், நோயாளியையும் மருத்துவனையும் மருந்தையும் சொல்லி, நான்காவதாக உழைச்செல்வானைச் சேர்த்தார். ‘உழை’ என்பது பக்கம். பக்கத்திற் சென்று பணிசெய்பவன் என்பது அச்சொல்லின் பொருள். கேரள மருத்துவமனைகளில் நோயாளியுடன் தங்கும் உறவினரைப் ‘பைஸ்டாண்டர்’ என்று வழங்குவர். எங்கிருந்தோ வந்த சொல்லாயினும் அதுவும் அருகில் நிற்பவரையே குறிக்கிறது. கட்டிலின் கீழே பாய் விரித்துப் படுத்து, மருந்துச் சீட்டோடு ஓடி, கஞ்சி வாங்கிவரும் அவர்களின்றி நம் நாட்டு மருத்துவமனை எதுவும் ஒரு நாள்கூட நடவாது.

வரும் ஆண்டுகளில் இத்தகைய ரோபோக்கள் நம் ஊர் மருத்துவமனைகளுக்கும் வரும். அதனைத் தடுக்க இயலாது, தடுக்க வேண்டியதுமில்லை. பெற்றோரை ஊரில் விட்டுவந்த நாம் கேட்டறிய வேண்டியவை சில உண்டு. அது எம்மொழியிற் பேசும்? நெல்லைத் தமிழில் முனகும் பாட்டியின் சொல் அதற்கு விளங்குமா? விளங்காதபோது, விளங்கியதாக நடிக்காமல் ஆளை அழைக்குமா? நோயாளியின் முகத்தையும் குரலையும் அது பதிவு செய்யுமாயின், அப்பதிவு எங்கே செல்கிறது? 2023 இல் நம் நாட்டில் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இயற்றப்பட்டிருத்தலின், இதைக் கேட்க நமக்கு உரிமை உண்டு. தான் ஓர் இயந்திரம் என்பதை நினைவு மங்கிய முதியவருக்கு அது ஒளிக்காமல் சொல்லுமா? அதனால் மிச்சமான செவிலியின் நேரம் கட்டிலருகே செலவாகிறதா, அல்லது அடுத்த மாதம் அந்தச் செவிலியின் பணியிடமே இல்லாமற் போகிறதா? இக்கடைசிக் கேள்விக்கு விடை கிடைத்தால் மற்றவற்றிற்கும் பெரும்பாலும் விடை கிடைத்துவிடும்.

நம்மை நாமே கேட்டுக்கொள்ள வேண்டியதும் ஒன்று உண்டு. ரோபோவின் திரையில் நம் முகத்தைக் காட்டலாம். நாள்தோறும் காட்டுவது நல்லதே. போக இயலாத நாட்களுக்கு அது பெருந்துணை. போக இயலும் நாளிலும் திரையே போதுமென்று நாம் இருந்துவிடுவோமாயின், குறை அப்பொறியினுடையதன்று.

தம்பானூரில் வண்டி வந்து நிற்கிறது. பிளாஸ்க்கும் எக்ஸ்ரே உறையுமாக ஒரு மூதாட்டி இறங்குகிறார். அவர் கையைப் பிடித்து இறக்கிவிட, தொலைதூரத்திலிருந்து இரவெல்லாம் பயணம் செய்து வந்த மகன் நடைமேடையில் முன்னதாகவே வந்து காத்து நிற்கிறான். மருத்துவமனையில் அவருக்கு மருந்து கொண்டுவருவது மனிதராயினும் ஆகுக, இயந்திரமாயினும் ஆகுக. அவர் அதனைக் கலங்காமல் வாங்கிக்கொள்வார்.